ஈர்ப்புக்கு அடங்காத குண்டு

பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறி 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அதைச் சூழ்ந்து இரவெல்லாம் கண்விழித்திருந்த இளைஞர்கள், கணித சாஸ்திரத்தில் காட்டிய அதே சிரத்தையோடு எட்வர்ட் ஸ்மித்தின் 'லென்ஸ்மேன்' வரிசை விண்வெளி நாவல்களையும் படித்துத் தீர்த்தவர்கள். ஸ்மித் தொழிலால் ரசாயன நிபுணர். டோனட் என்னும் பணியாரத்துக்கு மாவுக் கலவை பக்குவம் சொல்லி ஜீவனம் நடத்தியவர். அவருடைய வசனமும் சற்று உப்பிய பதார்த்தந்தான் என்று நான் சொன்னால், அவருடைய அபிமானிகள் என்மீது கோபிக்கக்கூடும்.

ஆனால் அந்த இளைஞர்களில் ஒருவரான ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் அந்நாவல்களில் நடையழகைத் தேடவில்லை; அண்டவெளியில் கப்பலோடு கப்பல் துரத்திப் பொருதும் அந்தக் காட்சியை, வட்டமான கண்ணாடித் திரையில் தம் கையாலேயே நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய தாகம். அதற்கான நிரலை எழுதுவதாக ஒப்புக்கொண்ட ரஸ்ஸலோ, சைன், கொசைன் கணிக்கும் நிரல் கைவசம் இல்லையென்று சாக்குச் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டே போக, ஆலன் கோட்டாக் என்ற நண்பர் யந்திரத்தைச் செய்த கம்பெனியிடமே அதை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்துவிட்டார். 1962-இல் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டு பிறந்தது.

இந்தக் கூட்டத்தாரின் சுபாவம் வெளிப்பட்டது அதற்குப் பின்புதான். திரையின் பின்னணியில் ரஸ்ஸல் கண்டபடி தூவியிருந்த புள்ளிகளை நட்சத்திரங்கள் என்று ஏற்றுக்கொள்ள பீட்டர் சாம்ஸன் என்பவருக்கு மனம் ஒப்பவில்லை. வான சாஸ்திரப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வான நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலுமாக 22.5 பாகைக்குள் தென்படும் மெய்யான நட்சத்திரங்களை அவற்றின் ஸ்தானம் பிசகாமல் பதித்து, பிரகாசம் மிகுந்தவற்றை அடிக்கடியும் மங்கலானவற்றை அரிதாகவும் ஒளிரச் செய்து, ஆகாயத்தையே அந்தச் சிறு கண்ணாடிக்குள் இறக்கிவிட்டார். கற்பனையில் திளைப்பவன் கணக்கில் அசிரத்தையாக இருப்பான் என்று எண்ணுவது நம் வழக்கம். இங்கே பார்த்தால், கப்பல் பொய்யென்று அறிந்தவர்களே, அது மிதக்கும் வானம் பொய்யாக இருக்கச் சம்மதிக்கவில்லை!

டான் எட்வர்ட்ஸ் என்பவர் திரையின் நடுவில் சூரியன் ஒன்றை வைத்து, அதன் ஈர்ப்புக்குக் கப்பல்கள் இரண்டையும் ஆட்படுத்தினார். அதே ஈர்ப்பைக் குண்டுகளுக்கும் கணிக்க முற்பட்டபோதோ, யந்திரத்துக்கு அவகாசம் போதவில்லை. நட்சத்திரம் இடம் தவறினால் பொறுக்காத அந்தப் பேர்வழிகள், அப்போது நாவலாசிரியர் கையாளும் உபாயத்தையே கையாண்டார்கள்: இவை ஒளியால் ஆன குண்டுகள், ஆகவே ஈர்ப்பு இவற்றைத் தீண்டாது என்று விதித்துவிட்டு, ஆட்டத்துக்குத் திரும்பினார்கள்.