வாங்க மறுத்த கைகள்

பண்டமாரானில் இருக்கும் நமக்குக் கிள்ளான் துறைமுகம் பக்கந்தான். கப்பலில் வரும் ஆரஞ்சும் ஆப்பிளும் நம் கடைகளுக்கும் வருகின்றன. விலை கேட்கிறோம், அழுகலா என்று புரட்டிப் பார்க்கிறோம். அதைப் பறித்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்று கேட்பதுண்டா? அப்படிக் கேட்ட மக்களால் ஒரு கொடிய அரசு தடுமாறியது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நம் முன்னோர் பால்மரம் சீவ மலாயாவுக்கு வந்ததுபோல், 1860 முதல் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே வெள்ளையர் ஆட்சி நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்தது. 1948க்குப் பின் அதுவே நாட்டின் முழுக் கொள்கையாயிற்று. எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது என்பதையெல்லாம் தோலின் நிறமே முடிவு செய்தது.

இதை எதிர்க்கப் பிறந்த வழிகளில் ஒன்று பொருளாதாரத் தடை. அதன் பொருள் எளிது. அரசு தன் படைக்கும் காவலுக்கும் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு வணிகத்தால் வருவது. அந்நாட்டுப் பொருளை வாங்காமலும், நம் பொருளை அதற்கு விற்காமலும் இருந்தால் வருவாய் குறையும். அநீதியால் இலாபம் கண்டவர்களே 'இது நட்டக் கணக்கு' என்று உணரத் தொடங்குவார்கள்.

முதலில் இதைச் செய்த நாடு இந்தியா. இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்த 1946ஆம் ஆண்டில், இந்தியா வணிக உறவை முறித்தது. தன் ஏற்றுமதியில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை அதற்காக இழந்தது. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் காவலர் சுட்டு 69 பேர் மாண்டனர். அவ்வாண்டு லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்களிடையே நம் துங்கு அப்துல் ரஹ்மான் நிறவெறியைக் கண்டித்துப் பேசினார். மலாயாவும் தென்னாப்பிரிக்கப் பொருள்களைப் புறக்கணித்தது.

"தடை போட்டால் அங்குள்ள தொழிலாளிக்குத்தானே வேலை போகும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வேலை நின்றால் அடுப்பு எரியாது என்பதைத் தோட்ட மக்களாகிய நம்மைவிட யார் அறிவார்? அந்தக் கஷ்டம் வரும் என்று தெரிந்தே ஆல்பர்ட் லுத்துலி போன்ற கறுப்பினத் தலைவர்கள் உலகத்திடம் புறக்கணிப்பைக் கேட்டார்கள். துன்பப்படுகிறவர்களே கேட்ட உதவி அது. அதனால்தான் அதற்கு நியாயம் இருந்தது.

பெரிய அரசுகள் தயங்கியபோது எளியவர்கள் முன்வந்தார்கள். 1984இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் மேரி மேனிங் என்ற கடை ஊழியர், தென்னாப்பிரிக்கப் பழத்துக்குக் காசு வாங்க மறுத்தார். வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். உடன் வேலை செய்தவர்களும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1987இல் அந்நாட்டு அரசே தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் தடை செய்தது.

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் வாக்களித்தார்கள். நெல்சன் மண்டேலா அதிபரானார். தடை மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. உயிரைக் கொடுத்துப் போராடிய அந்நாட்டு மக்களே முதல் காரணம். வெளியிலிருந்தவர்கள் தோள் கொடுத்தார்கள்.

இந்தியா தொடங்கியதிலிருந்து 48 ஆண்டுகள்! பொறுமை வேண்டும், ஒற்றுமை வேண்டும். அடுத்த முறை பழம் வாங்கும்போது, 'இது எந்த நாட்டுப் பழம்?' என்று பிள்ளைகளைப் படித்துப் பார்க்கச் சொல்வோம். இந்தக் கதையையும் அவர்களுக்குச் சொல்வோம்.