விரலும் திரையும் – 7: யாருக்கு எந்த ஆட்டம்?

2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாடைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அதே நாளில்தான் பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேம், கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போனது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் காய் நகர்த்த 180-க்கும் மேற்பட்ட நாட்டு அணிகள் வந்திறங்கியிருந்தன. சாலையெங்கும் வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ வணக்கம் சொன்னது. கெட்ட விளையாட்டு ஒழிந்து நல்ல விளையாட்டு வந்துவிட்டது என்று பெற்றோர் பலருக்கும் நிம்மதி. எனக்கென்னவோ அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

பிஜிஎம்ஐ, பேட்டில் ராயல் வகை. நூறு பேர் வரை குதிப்பார்கள், வட்டம் சுருங்கும், கடைசிவரை நிற்பவருக்குச் சிக்கன் டின்னர். தடை நீங்கி 2023 மே மாதம் அது திரும்பி வந்ததும், செங்கல்பட்டு மின்சார ரயிலில் பழைய காட்சிகளும் திரும்பின. எதிர் சீட்டுக் கல்லூரிப் பையனின் கைகளைக் கவனித்தேன். கட்டைவிரல்கள் கீழே. ஆள்காட்டி விரல்கள் இரண்டும் நண்டுக் கொடுக்குபோல வளைந்து திரையின் மேல் ஓரத்தில். சுடும்போது துப்பாக்கி மேலே எகிறாமலிருக்க போனையே லேசாகச் சாய்க்கிறான். கண் மினி மேப்பில், காது எதிரியின் காலடிச் சத்தத்தில். “மாடில ஒருத்தன் இருக்கான்டா” என்கிறான்; எனக்கு மாடியே தெரியவில்லை.

அவன் போனை வாங்கி நானும் ஆடிப் பார்த்தேன். குதித்தேன், துப்பாக்கி பொறுக்கினேன், யாரோ சுட்டார்கள், லாபிக்கு வந்துவிட்டேன். “பாட் மாதிரி ஆடுறீங்கண்ணே” என்றான். ஆனால் சிவிலைசேஷன் போல முறை வைத்து ஆடும் கேம் என்றால் ராத்திரி முழுக்க உட்காருவேன். என் முறை வரும், யோசிப்பேன், யாரும் விரட்டமாட்டார்கள். அதைக் காட்டியதும் அவனுக்குக் கொட்டாவி. இரண்டு பேரில் யாருக்கு மூளை அதிகம் என்று கேட்பது வீண். அங்கே வேண்டியது நொடிக்குள் காதும் விரலும் ஒத்துப்போவது. இங்கே வேண்டியது பத்து விஷயத்தை மனதில் வரிசையாக நிறுத்திவைப்பது.

செஸ்ஸுக்குள்ளேயே இந்த வகைப் பிரிவு உண்டு. பூஞ்சேரியில் ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், பிறகு இன்னொரு 30 நிமிடம், நகர்வுக்கு 30 நொடி கூடுதல். அந்த நிதான ஆட்டத்தில் 16 வயது குகேஷ் முதல் எட்டையும் வரிசையாக ஜெயித்து, 11-க்கு 9 புள்ளியோடு முதல் பலகைத் தங்கம் வாங்கினார். பத்தாவது சுற்றில், கையில் இருந்த ஆட்டத்தை உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவிடம் கோட்டைவிட்டார். எதிரே இருந்தவர் விரைவு ஆட்டமான ராபிட்டில் அப்போதைய உலக சாம்பியன்! அதே இந்திய ‘பி’ அணியில் இரண்டாம் பலகைத் தங்கம் வாங்கிய நிஹால் சரின், சின்ன வயதிலிருந்தே மூன்று நிமிட பிளிட்ஸில் பெயரெடுத்தவர். குகேஷை பிளிட்ஸில் உட்காரவைத்தால் நிதான ஆட்டத்தில் இருக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது.

2025-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் ஓர் ஆட்டம். ஆளுக்குப் பத்தே நிமிடம், கூடுதல் நொடி கிடையாது. கார்ல்சன் ஜெயித்தார், நம் அர்ஜுன் எரிகைசி நான்காவது. அதே கோப்பையில் பிஜிஎம்ஐ-யின் உலகப் பதிப்பான பப்ஜி மொபைலும் இருந்தது. நல்லது, கெட்டது என்று பிரித்த நம் வீட்டு அப்பாக்களை யாராவது ரியாத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம்.

அதற்கு முன், 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்காக குகேஷும் டிங் லிரெனும் மோதிய கடைசி ஆட்டம், ஆளுக்கு 6.5 புள்ளி. டிரா ஆனால் மறுநாள் ராபிட் டைபிரேக். அதில் டிங் கைதான் ஓங்கும் என்றார்கள். முந்தைய வருடம் உலகப் பட்டப் போட்டியில் நெபோம்னியாச்சியை அவர் வென்றதே ராபிட்டில்தான். குகேஷ் டிராவுக்கு இறங்கிவரவில்லை. ஒரு சிப்பாய் கூடுதல் என்ற சின்ன லாபத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நெருக்கினார். 55-வது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார்; பட்டம் குகேஷ் கைக்கு வந்தது. டைபிரேக் வரை போயிருந்தால்? நான் பந்தயம் கட்டியிருந்தால் டிங் மேல்தான் கட்டியிருப்பேன்.

(தொடரும்)