கம்பி முனை ஏன் கருகுகிறது?

சென்ற கோடையில் திருச்சுழிப் பக்கம் எங்கள் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் ஒரு கம்பி முனை கருகிற்று. மிளகாய்ச் செடிகள் வாடின. அப்பா, "கண்ணேறு" என்றார். இயற்பியல் வேறு கூறுகிறது.

மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும். இது 1841-இல் ஜூல் வெளியிட்ட விதி. திருகு தளர்ந்து, தொடுமிடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டால், 8 ஆம்பியரில் 32 வாட்! ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னுக்கே 25 வாட் போதும். மின்னழுத்தம் குறைந்து மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் 50 வாட். சூட்டில் செம்பு கறுக்க, தடை மேலும் ஏறும்.

கருகியதன் மேல் டேப் சுற்றுவது வீண். மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, முனையை வெட்டிப் பளபளக்கச் சுரண்டி, லக்கு வைத்து இறுக்க வேண்டும். அலுமினியத்தோடு செம்பை நேராக முறுக்கலாகாது. ஈரம் பட்டால் அரிக்கும்.

அவ்வாறே செய்தேன். இப்போது அப்பாவே மாதமொரு முறை மெயினை அணைத்துத் திருகுகளை இறுக்குகிறார். ஸ்டார்ட்டர் பெட்டியில் எலுமிச்சம்பழமும் தொங்குகிறது.