மாஸ்கோ முதல் விளாடிவோஸ்டாக் வரை

ரஷ்யத் தலைநகர் மாஸ்கோவுக்கும் பசிபிக் கரையிலுள்ள விளாடிவோஸ்டாக் துறைமுகத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும், இரண்டும் சரியானவையே. விளாடிவோஸ்டாக் ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டுள்ள தூண் 9,288 கிலோமீட்டர் என்று காட்ட, வான்வழிக் கணக்கு ஏறத்தாழ 6,400 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது.

வான்வழிக் கணக்குக்கு அடிப்படை பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையான புவிப்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைவின் நீளம். புவி உருண்டை மாதிரியின் மேல் இவ்விரு நகரங்களையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது முதலில் வடகிழக்கே ஏறி, 61 பாகை வட அட்சரேகையைத் தொட்ட பிறகே தெற்கே இறங்குவதைக் காணலாம். அவ்வழியை ஒட்டிப் பறக்கும் விமானம் எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது.

இருப்புப் பாதை ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றுவதற்கு நிலவியல்பும் குடியிருப்பும் மட்டும் காரணமல்ல. அரசியலுக்கும் அதில் பெரும் பங்குண்டு. 1891இல் பணி தொடங்கியபின், கிழக்குப் பகுதியில் சீனாவின் மஞ்சூரியாவை ஊடுருவி, ஹார்பின் நகர் வழியாகக் குறுக்குப் பாதை ஒன்று போடப்பட்டது. பைக்கால் ஏரிக் கரையோரப் பாதை முடிவதற்குள் 1904இல் ஜப்பானுடன் போர் மூண்டுவிட்டதால், உறைந்த ஏரியின் பனிக்கட்டி மீதே தண்டவாளம் பதித்து, பெட்டிகளைக் குதிரைகளைக் கட்டி இழுத்தனர். அந்தப் போரில் தோற்ற ரஷ்யா, அயல்நாட்டு மண்ணில் ஓடும் பாதையை நம்பியிருப்பது ஆபத்து என்று உணர்ந்து, அமூர் ஆற்றை ஒட்டித் தன் எல்லைக்குள்ளேயே நீண்ட பாதையை அமைத்தது. 1916இல் ஹபரோவ்ஸ்க் அருகே அமூர் பாலம் திறக்கப்பட்டபோதுதான் அது முழுமை பெற்றது. இன்றைய பயணி ரயிலில் கழிக்கும் கூடுதல் மணி நேரங்களில் ஒரு பகுதி, அந்தத் தோல்விக்குச் செலுத்தும் வரி என்றே சொல்லலாம்.

2002இல் பாதை முழுவதும் மின்மயமானபோதிலும், பயணம் இன்றும் ஆறு முதல் ஏழு நாட்கள் பிடிக்கிறது. நிறுத்தங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி வேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டர் அளவில்தான் நிற்கிறது.

கடிகாரம் தரும் குழப்பம் தனி. விளாடிவோஸ்டாக் நேரம் மாஸ்கோ நேரத்தைவிட ஏழு மணி முந்தியது. ஆகவே கிழக்கே செல்லும் ரயில் பயணிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று மணி நேரமே வாய்க்கிறது. மேற்கே திரும்புகையில் அது இருபத்தைந்தாக நீள்கிறது. விமானத்தில் திரும்புபவரோ ஒன்பது மணி நேரம் பறந்தாலும், கடிகாரப்படி புறப்பட்டு இரண்டே மணி நேரத்தில் மாஸ்கோவில் இறங்கிவிடுவார்.

நெடுங்காலம் ரஷ்ய ரயில்கள் எல்லா ஊர்களிலும் மாஸ்கோ நேரத்தையே பின்பற்றின. 2018 ஆகஸ்ட் 1 முதல் பயணச்சீட்டுகளில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படுவதால், பழைய வழிகாட்டி நூல்களை நம்பிப் புறப்படுவோர் இதை முதலில் கவனித்துக்கொள்வது நல்லது.