அனுபவ பாத்தியமும் நிலப் பதிவேடும்

தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்களில் ‘வழிநடைப் பாத்தியம்’, ‘அனுபவ பாத்தியம்’ என்னும் தொடர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அண்டை நிலத்தின் வழியே நடப்பதற்கும் நீர் கொண்டுசெல்வதற்கும் உள்ள உரிமையை அவை குறிக்கின்றன. நம் முன்னோர் தோட்டங்களுக்கு வந்தபோது இவ்வழக்கும் உடன் வந்தது. “இத்தனை காலம் பயன்படுத்தினோம்; ஆகவே உரிமை உண்டு” என்று இன்றும் பலர் நம்புகின்றனர். மலேசியாவில் இந்நம்பிக்கைக்குச் சட்டத்தின் துணை இல்லை. இதனை அறியாமையால் உரிமையை இழப்போரும் உண்டு. வீணே அஞ்சி உதவி மறுப்போரும் உண்டு.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, அண்டை நிலத்தின் வழியை 20 ஆண்டுகள் இடையறாமல், வெளிப்படையாக, உரிமையெனக் கருதிப் பயன்படுத்துவோர் அதற்கு உரிமை கோரலாம். மலேசியாவில் 1966 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தேசிய நிலச் சட்டம் வேறு அடித்தளத்தில் நிற்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் தோன்றிய டாரன்ஸ் முறையை அது தழுவியது. இம்முறையில் பதிவேடே உரிமையின் சான்று. நீண்டகாலப் பயன்பாட்டினால் மட்டும் இங்கே வசதியுரிமை பிறப்பதில்லை. நிலவுரிமையாளர் வெளிப்படையாக வழங்க வேண்டும். அது நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். மலாய் மொழியில் இதனை ‘இஸ்மென்’ என்பர்.

இது நம் வட்டாரத்திற்கு ஏன் முக்கியம்? சிரம்பானை அடுத்த செனாவாங்கில், ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் இன்று தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. தோட்டம் ஒரே முதலாளியின் உடைமையாக இருந்தவரை, செம்மண் சாலைக்கோ நீர்க்குழாய்க்கோ தனியுரிமை தேவைப்படவில்லை. 1950களில் மலாயா முழுவதும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பேராசிரியர் உங்கு அஜீஸ் அதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அந்நெருக்கடியின் விளைவாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். நிலம் துண்டானால் எல்லைக்கோடு மாறும். மண்ணுக்கடியிலுள்ள குழாய் மாறாது. நேற்று வரை பொதுவாக இருந்த வழி, இன்று ஒருவரின் மனைக்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே, பின்மனைக் குடும்பம் நம் வேலியோரமாக நீர்க்குழாய் பதிக்க அனுமதி கேட்டால் என்ன செய்வது? முதலில் அச்சத்தின் அளவை அறிவோம். வசதியுரிமை ஒரு நிலத்தின் பயனுக்காக மற்றொரு நிலத்தின்மீது தரப்படுவது. அது நிலத்தை முழுதாகக் கைக்கொள்ளும் உரிமை அன்று. நம் மண்ணிலிருந்து எதையும் எடுத்துச்செல்லும் உரிமையும் அன்று. குழாய் சென்றாலும் நிலம் நம்முடையதே.

எனினும் அது எளிய சுமை அன்று. பதிவான உரிமை மனிதரை அன்றி நிலத்தையே பற்றி நிற்கும். நாம் விற்றால் வாங்குபவரையும், நம் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றால் அவர்களையும் அது கட்டுப்படுத்தும். குழாயின்மீது பின்னாளில் கட்டடம் எழுப்ப இயலாமற் போகலாம். ஆகவே இசையுமுன் சில வினாக்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேறு வழி உண்டா? குழாய் எவ்விடத்தில், எவ்வளவு அகலத்தில் செல்லும்? பழுது பார்ப்பவர் யார், தோண்டிய நிலத்தைச் சீர்செய்பவர் யார்? காலவரையறை உண்டா? நிலம் அடமானத்தில் இருப்பின் வங்கியுடனும், பட்டாவில் கட்டுப்பாடு இருப்பின் நில அலுவலகத்துடனும் முன்னரே பேசுதல் நன்று. முடிவு செய்தபின், 17ஏ படிவத்தில் வரைபடத்துடன் பதிவுசெய்யலாம்.

மின்கம்பிகளின் நிலை வேறு. 1990ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனம் முன்னறிவிப்புத் தந்து தனியார் நிலத்தின் வழியே கம்பி கொண்டுசெல்லலாம். நிலவுரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கவும் இழப்பீடு கோரவும் இடமுண்டு. பொதுச்சாலையை அடைய வழியற்ற நிலத்திற்கு நில நிர்வாகியே வழியுரிமை ஏற்படுத்தவும் சட்டம் இடந்தருகிறது. ஆனால் அண்டைவீட்டாரின் தனிக்குழாய், தனிவடிகால் ஆகியவை பெரும்பாலும் அண்டைவீட்டாரின் இசைவையே நம்பியுள்ளன.

மறுப்பு, வாய்மொழி அனுமதி, பதிவு என மூன்று வழிகள் நம்முன் உள்ளன. அவற்றுள் வாய்மொழி அனுமதியே நல்லுறவுக்கு ஏற்றதெனப் பலர் எண்ணுவர். அதில் அன்பு உண்டு, உறுதி இல்லை. அனுமதி தந்தவர் மறைந்தாலோ நிலம் கைமாறினாலோ, அக்குடும்பம் முப்பது ஆண்டுகள் குடித்த நீருக்கும் சான்று இராது. தர இயலாதெனில் இன்றே தெளிவாகச் சொல்லிவிடுவது, அவர்கள் வேறு வழி தேட உதவும். தர மனமிருப்பின் எழுத்தில் தருவதே முறை. கேட்பவரும் எழுத்தில் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. ‘அனுபவ பாத்தியம்’ என்னும் சொல் நம் மொழியின் செல்வம். அதனை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, இந்நாட்டில் பதிவேடே பேசும் என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.