மகிழுந்து ஒலிக்கருவியில் எழுதிய குறுந்தகடு

எழுதிய குறுந்தகடு என்பது வெற்றுக் குறுந்தகட்டில் கணினியின் துணையுடன் பாடல்களையோ பிற ஒலிகளையோ பதிந்து பெறப்படும் தகடு ஆகும். குறுந்தகடு இலங்கைத் தமிழில் இறுவட்டு எனப்படும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பேச்சு வழக்கில் வெற்றுத் தகடு "பிளாங்க் சிடி" என்றும், அதில் பதிவது "ரைட் பண்ணுவது" என்றும் வழங்கப்பட்டன.

வீட்டில் எழுதிய தகடு கணினியில் நன்றாக இயங்கினாலும், தொழிற்சாலையிலேயே மகிழுந்தில் பொருத்தப்பட்டு வரும் ஒலிக்கருவியில் சில வேளைகளில் இயங்குவதில்லை. கருவி பிழைச் செய்தி காட்டும். அல்லது தகட்டை வெளியே தள்ளிவிடும். அல்லது பாடல் விட்டு விட்டு ஒலிக்கும். இதற்கான காரணங்களை ஒளி, தகட்டு வடிவம், கோப்பு என மூன்று படிநிலைகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பதால், குறை எந்தப் படிநிலையில் உள்ளது எனக் கண்டறிவதே முதல் வேலையாகும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் ஆகிய ஊரகக் கொம்யூன்களின் வெப்பம், ஈரப்பதம், மின்வெட்டு ஆகியவை இதில் எவ்வாறு பங்கு பெறுகின்றன என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

வரலாறு

ஒலிக் குறுந்தகட்டுக்கான சீர்தரத்தை பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1980இல் வகுத்தன. அந்த ஆவணத்தின் அட்டை நிறத்தால் அது "சிவப்பு நூல்" எனப் பெயர் பெற்றது. 1982இல் குறுந்தகடுகள் விற்பனைக்கு வந்தன. 1984இல் பயனியர் நிறுவனம் மகிழுந்துக்கான குறுந்தகட்டுக் கருவியை வெளியிட்டது.

ஒருமுறை எழுதத்தக்க தகட்டை சப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988இல் உருவாக்கியது. அதற்கான "செம்மஞ்சள் நூல்" சீர்தரம் 1990இல் வெளிவந்தது. அழித்து எழுதத்தக்க தகடு 1997இல் வந்தது. எனவே, தொடக்கக் கால மகிழுந்துக் கருவிகள் பல, எழுதிய தகடு என்ற ஒன்றைக் கருத்திற் கொள்ளாமலே வடிவமைக்கப்பட்டவை.

இந்தியாவில் மோசர் பேயர் நிறுவனம் வெற்றுத் தகடுகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. பேனா வடிவ நினைவகங்களும் இணையமும் பரவியபின் தகடுகளின் தேவை குறைந்தது. 2018இல் அந்நிறுவனத்தைக் கலைக்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

தகட்டின் அமைப்பு

குறுந்தகடு 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது. தொழிற்சாலையில் அச்சிடப்படும் தகட்டில் பாலிகார்பனேட்டு நெகிழியில் நுண்ணிய குழிகள் அழுத்தப்பட்டு, அவற்றின் மேல் அலுமினியம் பூசப்படுகிறது. 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சீரொளிக் கற்றை, குழிகளிலிருந்தும் சமதளத்திலிருந்தும் வெவ்வேறு அளவில் தெறிக்கிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டே தரவு படிக்கப்படுகிறது.

எழுதத்தக்க தகட்டில் குழிகள் இல்லை. நெகிழிக்கும் உலோகப் பூச்சுக்கும் இடையில் சாயப்படலம் ஒன்று உள்ளது. எழுதும் கருவியின் வலிய சீரொளி இச்சாயத்தைச் சூடாக்கி, அவ்விடத்தின் தெறிதிறனைக் குறைக்கிறது. இதனாலேயே எழுதுதலுக்கு "எரித்தல்" என்ற பெயரும் உண்டு. சயனின் சாயம் பசுமை கலந்த நீலமாகவும், தாலோசயனின் சாயம் வெளிர் நிறமாகவும், அசோ சாயம் அடர் நீலமாகவும் தோன்றும்.

இயங்காமைக்கான காரணங்கள்

ஒளி சார்ந்தவை

அச்சிட்ட தகடு தன் மீது விழும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டையும், ஒருமுறை எழுதத்தக்க தகடு குறைந்தது 65 விழுக்காட்டையும் தெறிக்கவேண்டும் என்பது சீர்தரம். அழித்து எழுதத்தக்க தகடு தெறிப்பதோ 15 முதல் 25 விழுக்காடு மட்டுமே. கணினி இயக்கி இதற்கேற்பத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். பழைய மகிழுந்துக் கருவி பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. எனவே அழித்து எழுதத்தக்க தகடுகளை மகிழுந்துக்குத் தவிர்ப்பது நல்லது.

80 நிமிடத் தகட்டின் தடங்கள் 74 நிமிடத் தகட்டின் தடங்களைவிட நெருக்கமானவை. 90 நிமிடம், 99 நிமிடம் எனக் குறிக்கப்பட்ட தகடுகள் சீர்தரத்துக்கு அப்பாற்பட்டவை. டிவிடி தகடு 650 நானோமீட்டர் சீரொளியால் படிக்கப்படுவதால், குறுந்தகட்டுக்கு மட்டுமான கருவியில் அது எவ்வகையிலும் இயங்காது.

தகட்டு வடிவம் சார்ந்தவை

தகட்டின் உள் விளிம்பில் உள்ளடக்க அட்டவணை அமைந்துள்ளது. எந்தப் பாடல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கருவி இதிலிருந்தே அறிகிறது. தகட்டை எழுதி முடித்தபின் "முடிவுறுத்தல்" என்னும் செயல் நடைபெற்றால் மட்டுமே இவ்வட்டவணை முழுமை பெறும். பின்னர் மேலும் பாடல்கள் சேர்க்கலாம் எனக் கருதித் திறந்து விடப்பட்ட தகட்டைக் கணினி படித்துவிடும். மகிழுந்துக் கருவிக்கு அது வெற்றுத் தகடாகவே தோன்றும்.

ஒலித் தகடு, தரவுத் தகடு என்ற வேறுபாடும் முக்கியமானது. எம்பி3 கோப்புகளை அப்படியே படியெடுத்தால் கிடைப்பது தரவுத் தகடு. எம்பி3 ஆதரவு இல்லாத கருவியில் அது இயங்காது. அத்தகைய கருவிக்கு எழுதும் மென்பொருளில் "ஒலித் தகடு" என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அப்போது மென்பொருள் கோப்புகளை விரித்து, நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 துணுக்குகள், இரு ஒலித்தடங்கள் என்ற வடிவில் எழுதும். இவ்வாறு அதிகபட்சம் 80 நிமிடங்களையும் 99 பாடல்களையும் மட்டுமே எழுத இயலும்.

திரைப்படப் பாடல்களும் திருமணம், காதுகுத்து போன்ற நிகழ்வுகளும் பதிவான காணொளிக் குறுந்தகடுகள் (விசிடி) தமிழகத்திலும் புதுச்சேரியிலும் மிகப் பரவலாக இருந்தன. தோற்றத்தில் ஒலித் தகட்டை ஒத்திருந்தாலும் இவற்றில் உள்ளது எம்பெக்-1 காணொளி. ஒலிக்கு மட்டுமான கருவியில் இவை இயங்காததைப் பழுது எனக் கொள்ளலாகாது.

புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. டிவிடி தகடுகளில் பிரான்சு 2ஆம் வலயத்திலும் இந்தியா 5ஆம் வலயத்திலும் அடங்குவதால், அங்கு வாங்கிய திரைப்படத் தகடு இங்குள்ள கருவியில் இயங்காமல் போகலாம். ஒலிக் குறுந்தகட்டில் வலயக் குறியீடு இல்லை. எனவே பாரிசில் எழுதிய ஒலித் தகடு பாகூரில் இயங்காவிட்டால், காரணத்தை வேறு இடத்தில் தேடவேண்டும்.

கோப்பு சார்ந்தவை

எம்பி3 ஆதரவு உள்ள கருவியிலும் சில வரையறைகள் உண்டு.

- ஐ.எஸ்.ஓ. 9660 அல்லது ஜோலியட் கோப்பு முறைமையில் எழுதிய தகடுகளையே பெரும்பாலான கருவிகள் படிக்கும். பேனா நினைவகம்போல் கோப்புகளை இழுத்துவிட்டு எழுதும் யுடிஎஃப் முறையைப் பல கருவிகள் ஏற்பதில்லை.
- மாறும் துணுக்கு வீதத்தில் சுருக்கிய கோப்புகளில் சில கருவிகள் நேரத்தைப் பிழையாகக் காட்டும். நொடிக்கு 128 அல்லது 192 கிலோதுணுக்கு என்ற மாறா வீதம் பாதுகாப்பானது. 128 கிலோதுணுக்கு வீதத்தில் 700 மெகாபைட்டுத் தகட்டில் சுமார் 12 மணி நேரப் பாடல்கள் அடங்கும்.
- பழைய கருவிகளின் திரையில் தமிழ் எழுத்துகள் தெரியா. ஒருங்குறியில் உள்ள பெயர்கள் வெற்றிடமாகவோ கட்டங்களாகவோ தோன்றும். தகுதரம் போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ளவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தோன்றும்.
- கோப்புகளின் வரிசை பெரும்பாலும் பெயரைப் பொறுத்தது. பெயரின் முன் 01, 02 என இரட்டை இலக்கம் இட்டால் பாடல்கள் விரும்பிய வரிசையில் ஒலிக்கும்.

எழுதும் முறை

1. ஒருமுறை எழுதத்தக்க, 74 அல்லது 80 நிமிடத் தகட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.
2. கருவியின் முகப்பில் எம்பி3 குறி உள்ளதா எனப் பார்த்து, ஒலித் தகடா தரவுத் தகடா என முடிவு செய்யவேண்டும்.
3. தகட்டில் குறித்துள்ள உச்ச வேகத்தில் எழுதாமல், நடுத்தர வேகத்தில் எழுதவேண்டும். 52 மடங்கு வேகத் தகட்டுக்கு 16 அல்லது 24 மடங்கு ஏற்றது. மிகக் குறைந்த வேகமே எப்போதும் சிறந்தது என்பது சரியன்று. புதிய வகைச் சாயங்கள் உயர் வேகத்துக்கென உருவாக்கப்பட்டவை.
4. முழுத் தகட்டையும் ஒரே வீச்சில் எழுதி முடிவுறுத்தவேண்டும். ஒவ்வொரு பாடலாக எழுதினால் இடையில் 2 நொடி வெற்றிடம் வரும்.
5. தகட்டின் மேற்புறம் மென்முனைப் பேனாவால் மட்டும் எழுதவேண்டும். பந்துமுனைப் பேனா மெல்லிய பூச்சைக் கீறிவிடும்.
6. தாள் ஒட்டுச்சீட்டை ஒட்டக்கூடாது. மகிழுந்துக் கருவிகள் தகட்டை உருளைகளால் உள்ளிழுப்பவை. வெப்பத்தில் பசை இளகிச் சீட்டு உரிந்தால் தகடு உள்ளே சிக்கிக்கொள்ளும். 80 மில்லிமீட்டர் சிறு தகடும் இவ்வாறே சிக்கும்.

குறையைக் கண்டறிதல்

- கடையில் வாங்கிய அச்சிட்ட தகடும் இயங்கவில்லை எனில் குறை கருவியில் உள்ளது. ஒளிவில்லையில் தூசி படிந்திருக்கலாம். சீரொளி வலு குன்றியிருக்கலாம்.
- அச்சிட்டவை இயங்கி, எழுதியவை எவையும் இயங்கவில்லை எனில் தெறிதிறன் போதவில்லை. வேறு சாய வகைத் தகட்டையும் வேறு வேகத்தையும் முயலலாம்.
- எழுதியவற்றில் சில மட்டும் இயங்கவில்லை எனில் முடிவுறுத்தாமையோ வடிவ வேறுபாடோ காரணமாகும்.
- முதற் பாடல்கள் நன்றாக ஒலித்து, இறுதிப் பாடல்கள் தடுமாறினால் வெளி விளிம்பில் எழுத்து சரியில்லை. குறுந்தகடு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. மிகை வேகமோ தகடு வளைந்திருப்பதோ காரணமாகலாம்.
- தகடு ஏற்கப்பட்டு, குறிப்பிட்ட கோப்புகள் மட்டும் தவறினால் அக்கோப்புகளின் சுருக்க முறையைச் சரிபார்க்கவேண்டும்.
- வண்டி நிற்கையில் ஒலித்து, ஓடும்போது மட்டும் விட்டுப் போனால் அதிர்வே காரணமாகும்.

வில்லியனூர், பாகூர்ச் சூழல்

வில்லியனூர் புதுச்சேரி நகருக்கு மேற்கே விழுப்புரம் செல்லும் வழியிலும், பாகூர் தெற்கே கடலூர்ப் பக்கமாகவும் அமைந்துள்ளன. இரண்டும் அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகியவற்றுடன் புதுச்சேரி வட்டாரத்தின் ஐந்து ஊரகக் கொம்யூன் பஞ்சாயத்துகளைச் சேர்ந்தவை.

இப்பகுதிச் சிற்றூர்களுக்குக் கணினி ஓரளவு முன்னதாகவே வந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு ஊரகத் தகவல் மையங்களைத் தொடங்கியது. மின்வெட்டு மிகுதியாக இருந்ததால் அம்மையங்களில் சூரிய மின்கலங்களும் பயன்படுத்தப்பட்டன. வீட்டில் தகடு எழுதுவோருக்கும் மின்வெட்டு பெரிய இடராகும். எழுதுகையில் மின்சாரம் நின்றால் ஒருமுறை எழுதத்தக்க தகடு வீணாகும். கணினியிலிருந்து தரவு வருவது தடைபடுவதால் நேரும் இழப்பை 2000ஆம் ஆண்டு முதல் வந்த இயக்கிகள் தவிர்த்தன. ஆனால் அவற்றாலும் மின்வெட்டை ஈடுசெய்ய இயலாது. தடையிலா மின்வழங்கியோ மின்கலம் உள்ள மடிக்கணினியோ இதற்குத் தீர்வாகும்.

கத்திரி வெயில் காலத்தில் இங்கு வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டி உயர்வதுண்டு. வெயிலில் மூடி நிறுத்திய மகிழுந்தின் உள்ளே அது 60 பாகையையும் தாண்டக்கூடும். வெப்பமும் சூரிய ஒளியும் சாயப்படலத்தைச் சிதைக்கின்றன, நெகிழியை வளைக்கின்றன. அச்சிட்ட தகட்டில் சாயம் இல்லாததால் அது இவற்றை மேலும் தாங்கும். ஈரமான கடற்கரைக் காற்றில் குளிரூட்டியை இயக்கி நிறுத்தும்போது ஒளிவில்லையில் நீர்த்துளி படிந்து, சிறிது நேரம் எந்தத் தகடும் படிக்கப்படாமல் போகலாம். வில்லை உலர்ந்ததும் இது தானே சரியாகும்.

குறுந்தகட்டின் வழுத்திருத்த முறை சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத் தட இழப்பை முழுமையாக ஈடுசெய்யவல்லது. எழுத்து தரம் குன்றிய தகட்டில் இவ்வாற்றலின் பெரும்பகுதி சாயக் குறைகளைத் திருத்துவதிலேயே செலவாகும். எனவே, அச்சிட்ட தகட்டைப் பாதிக்காத சிறு கீறலும் எழுதிய தகட்டை நிறுத்திவிடலாம்.

பழைய தகடுகளைக் காத்தல்

தற்போது வெளிவரும் மகிழுந்துகளில் பெரும்பாலும் குறுந்தகட்டு இயக்கி இருப்பதில்லை. யுஎஸ்பி, புளூடூத் ஆகியவையே உள்ளன. திரைப்படப் பாடல்களை வேறு வழியில் பெறலாம். ஆனால் ஊர்த் திருவிழாவில் பதிந்த தெருக்கூத்து, மேளக் கச்சேரி, வீட்டு முதியவரின் குரல் போன்றவற்றுக்கு எழுதிய தகடு ஒன்றே எஞ்சிய படியாக இருக்கலாம். அத்தகைய தகட்டை மகிழுந்தில் வைத்திருப்பதும், ஓடுகிறதா என மீண்டும் மீண்டும் இட்டுப் பார்ப்பதும் இழப்பை விரைவுபடுத்தும்.

மகிழுந்துக் கருவி ஏற்காத தகடு அழிந்துவிட்டது எனக் கொள்ளக்கூடாது. நல்ல கணினி இயக்கி அதைப் படிக்கக்கூடும்; ஓர் இயக்கி படிக்காததை வேறோர் இயக்கி படிப்பதும் உண்டு. எக்சாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு பகுதியையும் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. ஒலித் தகட்டிலிருந்து பெறும் ஒலியை இழப்பற்ற ஃபிளாக் வடிவில் சேமிக்கவேண்டும். எம்பி3 கோப்புகளை மறுசுருக்கம் செய்யாமல் அப்படியே படியெடுக்கவேண்டும். இரு வேறு இடங்களில் படிகளை வைத்தபின், கேட்பதற்கு மட்டும் வேறு படியைப் பயன்படுத்தலாம். நிறம் மங்கிய, ஓரத்தில் பூச்சு உரியத் தொடங்கிய தகடுகளை முதலில் மீட்கவேண்டும்.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52(1)(அ) பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. உரிமையாளரின் ஒப்புதலின்றிப் பாடல்களைத் தகட்டில் எழுதி விற்பது மீறலாகும்.

இவற்றையும் பார்க்க

- குறுந்தகடு
- எம்பி3
- வழுத்திருத்தம்
- வில்லியனூர்
- பாகூர்