உயிரைக் காக்கும் வாகனம் பணப்பையையும் காக்குமா?
வொல்வோ கம்பனியின் கதையும் நமது வியாபாரிகளுக்கான பாடமும்

வாகனம் வாங்கப் போகும் நமது வியாபாரிகள் வழமையாகக் கேட்கும் கேள்விகள் நான்கு. லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? எத்தனை மூட்டை ஏற்றலாம்? உதிரிப்பாகங்கள் மாத்தளையில் கிடைக்குமா? திருப்பி விற்றால் என்ன விலை போகும்? நான்கும் நியாயமான கேள்விகளே. ஆனால் ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர்கள் குறைவு. வாகனம் எங்காவது மோதினால் உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வருவாரா என்பதே அது.

இந்த ஐந்தாவது கேள்விக்கான பதிலையே தனது பிரதான சரக்காக வைத்து வியாபாரம் செய்த கம்பனி சுவீடன் நாட்டின் வொல்வோ. நமது இரத்தோட்டைப் பாதைகளில் வொல்வோ கார் ஒன்றைக் காண்பது அபூர்வம். ஆனாலும் அந்தக் கம்பனியின் கதையில் மிளகு, கராம்பு வியாபாரிக்கும், ஹாட்வெயார் கடைக்காரருக்கும், வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கும் எடுத்துக்கொள்ளப் பல விடயங்கள் இருக்கின்றன.

சொந்தப் பணத்தில் பத்துக் கார்கள்

வொல்வோ என்ற இலத்தீன் சொல்லுக்கு 'நான் உருள்கிறேன்' என்று பொருள். பெயருக்குச் சொந்தக்காரர்கள் பெயாரிங் தயாரிக்கும் எஸ்.கே.எப். கம்பனியினர். அங்கே விற்பனைப் பகுதியில் இருந்த அசார் காப்ரியல்சன் என்பவரும், குஸ்டாவ் லார்சன் என்ற பொறியியலாளரும் சேர்ந்து சுவீடனிலேயே கார் தயாரிக்கத் திட்டமிட்டனர். முதலீட்டுக்கு எஸ்.கே.எப். உடனே முன்வரவில்லை. காப்ரியல்சன் தனது சொந்தப் பணத்தைப் போட்டுப் பத்து மாதிரிக் கார்களைச் செய்து காட்டினார். அதன் பின்னரே பணம் வந்தது. 1927 ஏப்ரல் 14ஆம் திகதி கொதன்பேர்க் நகரில் முதல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

முதல் கார் மேற்கூரை திறந்த வகை. பனி கொட்டும் நாட்டில் அதற்குக் கிராக்கி இருக்கவில்லை. உடனே மூடிய காரைக் கொண்டு வந்தனர். அடுத்த வருடம் லொறியும் வந்தது. ஆரம்ப காலத்தில் கம்பனியைத் தூக்கி நிறுத்தியது கார் அல்ல, லொறிதான். சுவீடனின் கரடுமுரடான பாதைகளுக்கும் கடுங்குளிருக்கும் தாக்குப் பிடிக்க வேண்டும், ஓட்டுபவன் மனிதன் என்பதால் பாதுகாப்பே முதலிடம் பெற வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அவர்களது கொள்கையாக இருந்தது.

இலவசமாகக் கொடுத்த பட்டி

இன்று நாம் வாகனத்தில் ஏறியதும் தோளிலும் இடுப்பிலுமாக இழுத்துப் பூட்டுகின்ற மூன்று முனை ஆசனப்பட்டியை வடிவமைத்தவர் நில்ஸ் போலின். விமானிகளை ஆபத்து வேளையில் வெளியே எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்த அவரை வொல்வோ 1958இல் தன்னிடம் அழைத்துக்கொண்டது. அதுவரை இருந்த இடுப்புப் பட்டி, வேகமான மோதலில் வயிற்றுக்குள் காயம் ஏற்படுத்துவதாக இருந்தது. போலினின் பட்டி உடலின் பாரத்தை நெஞ்செலும்பிலும் இடுப்பெலும்பிலும் பகிர்ந்தது. ஒரே கையால் பூட்டவும் முடிந்தது. 1959இல் அது வொல்வோ கார்களில் வந்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இந்தக் கண்டுபிடிப்புக்கான உரிமம் வொல்வோவின் கையில் இருந்தது. ஏனைய கம்பனிகளிடம் பட்டியொன்றுக்கு இவ்வளவு என்று அறவிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் எல்லாக் கம்பனிகளும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 1967இல் சுமார் 28,000 விபத்துக்களை ஆராய்ந்து, பட்டி உயிர் காக்கிறது என்பதைக் கணக்கோடு அமெரிக்காவில் சமர்ப்பித்தது. 1970 முதல் தனது கார் விபத்தில் சிக்கினால் ஆட்களை அனுப்பி, எது உடைந்தது, யாருக்கு எங்கே அடிபட்டது என்று குறித்து வைக்கும் குழுவொன்றையும் நடத்தியது.

உரிமப் பணத்தை விட்டதால் வொல்வோ நஷ்டப்பட்டதா? இல்லை. உலகில் எந்தக் காரில் பட்டி பூட்டினாலும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு வொல்வோவுக்குப் போகிறது. பல கோடி செலவழித்து விளம்பரம் செய்தாலும் அப்படியொரு பெயரை வாங்க முடியாது.

சொந்தக்காரர்களின் அனுபவம்

இனி வாங்கியவர்களின் கதைக்கு வருவோம். இதில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

அமெரிக்காவின் நியூயோர்க் பகுதியைச் சேர்ந்த பள்ளிக்கூட ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966இல் ஒரு வொல்வோ பி1800 கார் வாங்கினார். அதே காரில் 2013இல் 30 இலட்சம் மைல்களைத் தாண்டி உலக சாதனை படைத்தார். கிலோமீற்றரில் இது 48 இலட்சம். அவரது இரகசியம் ஒன்றும் பெரிதல்ல. ஒயில் மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றினார், கம்பனிப் புத்தகத்தில் சொன்னபடி பராமரித்தார். 2018இல் அவர் காலமானார்.

2002இல் விற்பனைக்கு வந்த எக்ஸ்.சி.90 என்ற பெரிய வாகனத்தைப் பாருங்கள். பிரித்தானியாவில் இன்னொரு காருடன் மோதிய விபத்துக்களில் இந்த வாகனத்துக்குள் இருந்த ஒருவர்கூட இறந்ததாகப் பதிவில்லை என்று அந்நாட்டின் தச்சம் ஆய்வு நிலையம் 2018இல் தெரிவித்தது. அதேவேளை, இதே வாகனத்தின் ஆரம்பகால ஆறு சிலிண்டர் வகையில் ஓட்டோ கியர் பொக்ஸ் கெட்டுப் போய்ப் பெரும் செலவில் விழுந்தவர்கள் பலர். உயிரைக் காத்த அதே வாகனம் பணப்பையைக் கரைத்தது.

இன்னும் இருக்கிறது. 'இரும்புக் குதிரை' என்று சொல்லத்தக்க 240 ரகக் காரில், 1980களில் வந்தவற்றின் எஞ்சின் வயர்களின் மேலுறை சூட்டில் உதிர்ந்து போனது. 1999 முதல் 2001 வரை வந்த பல கார்களில் எலெக்ட்ரொனிக் த்ரொட்டில் கெட்டு, ஓட்டத்தில் வேகம் குறைந்தது. முறைப்பாடுகள் குவிந்ததன் பின்னர் அமெரிக்காவில் அந்தப் பாகத்துக்கு 10 வருடம் அல்லது 2 இலட்சம் மைல் வரை உத்தரவாதத்தை நீடிக்க வேண்டி வந்தது.

எல்லாவற்றிலும் பெரியது 2020இல் நடந்தது. ஆசனப்பட்டியை உலகுக்குக் கொடுத்த கம்பனியே, முன் ஆசனப்பட்டியோடு இணைந்த உருக்குக் கம்பி நாளடைவில் தளரக்கூடும் என்று ஏறத்தாழ 22 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. 2025இல் இன்னொரு அழைப்பு. சில ஹைபிரிட், மின்சார ரகங்களில், பிரேக் மிதிக்காமல் குறிப்பிட்ட சில ஓட்டும் முறைகளில் 1 நிமிடம் 40 செக்கன் அளவு இறக்கத்தில் உருண்டு வந்தால் பிரேக் முற்றாக இல்லாமல் போகலாம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் 11 ஆயிரத்துக்கும் அதிகமான கார்கள் இதில் அடங்கின. ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இரத்தோட்டைக்கு இறங்கும் நமக்கு, நீண்ட இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போவது என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

குறை வருவது வியாபாரத்தில் இயல்பு. குறையை மூடி வைத்தவன், பகிரங்கமாகச் சொல்லித் திருத்திக் கொடுத்தவன் என்று இரு வகையினர் இருக்கிறார்கள். திருப்பி அழைத்த செய்தி வெளியாவது அவமானம் என்று நினைப்பது தவறு.

நல்ல சரக்குக்குப் பொய்ச் சாட்சி

ஆனால் வொல்வோவும் ஒருமுறை சறுக்கியது. 1990இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரம் தயாரித்தார்கள். இராட்சதச் சக்கரங்கள் கொண்ட வாகனமொன்று வரிசையாக நிறுத்திய கார்கள் மீது ஏறிச் செல்கிறது. மற்றைய கார்களெல்லாம் அப்பளமாக நொறுங்க, வொல்வோ மட்டும் அசையாமல் நிற்கிறது. பார்த்தவர்கள் வியந்தார்கள்.

பின்னர் உண்மை வெளியானது. வொல்வோவின் கூரைக்குள் மேலதிக முட்டுக்கொடுத்திருந்தார்கள். மற்றைய கார்களின் கூரைத் தாங்கிகளை வெட்டிப் பலவீனமாக்கியிருந்தார்கள். டெக்சாஸ் மாநில சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். விளம்பரத்தை நிறுத்தி, பத்திரிகைகளில் திருத்தம் போட்டு, மாநிலத்தின் செலவாக 3 இலட்சத்து 16 ஆயிரம் டொலருக்கு மேல் கட்டினார்கள். 1991இல் கம்பனியும் விளம்பர நிறுவனமும் மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் நடவடிக்கையில் தலா ஒன்றரை இலட்சம் டொலர் செலுத்தின.

இதில் வேதனை என்னவென்றால், வொல்வோவின் உடல் உண்மையிலேயே உறுதியானது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நல்ல மிளகு மூட்டையின் எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளிப்பவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தண்ணீர் காய்ந்தால் எடை போகும். கூடவே நல்ல மிளகின் பெயரும் போகும்.

பெயர் மட்டும் போதாது

தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் குளிரூட்டிய சொகுசு பஸ் எதுவானாலும் அதை 'வொல்வோ பஸ்' என்றே மக்கள் அழைக்கிறார்கள். 2001இல் இந்தியாவுக்கு வந்த பஸ் பெற்ற பெயர் அது. ஆனால் 2013 ஒக்டோபர் 30ஆம் திகதி பெங்களூரிலிருந்து ஹைதராபாத் சென்ற தனியார் வொல்வோ பஸ், பாலெம் என்ற இடத்தில் மதகுச் சுவரில் மோதித் தீப்பற்றியது. 45 பேர் இறந்தனர். இரண்டு வாரங்களில் கர்நாடகாவின் ஹாவேரி அருகே இன்னொரு வொல்வோ பஸ் எரிந்து 7 பேர் மாண்டனர். எவ்வளவு பெயர் பெற்ற வாகனமானாலும், இரவெல்லாம் வேகமாக ஓட்டப்பட்டு, அவசர வாசல் எங்கே என்று பயணிக்குத் தெரியாவிட்டால் என்ன பலன் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

கார்ப் பிரிவு 1999இல் சுமார் 645 கோடி டொலருக்கு அமெரிக்காவின் போர்ட் கம்பனிக்கு விற்கப்பட்டது. லொறி, பஸ் பிரிவு வேறு கம்பனியாகத் தொடர்ந்தது. 2010இல் போர்ட் அதே கார்ப் பிரிவை சீனாவின் ஜீலி கம்பனிக்கு ஏறத்தாழ 180 கோடி டொலர் என்று விலை பேசிக் கொடுத்தது. மூன்றில் ஒரு பங்கு விலையும் கிடைக்கவில்லை. நற்பெயர் இருந்தும் செலவைக் கட்டுப்படுத்தாத கடை கைமாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வாங்கிய சீனக் கம்பனியோ பாதுகாப்பு என்ற பெயரைத் தொடாமல் விட்டது. 2020 முதல் எல்லாப் புதிய வொல்வோ கார்களின் உச்ச வேகமும் 180 கிலோமீற்றருக்கு மட்டுப்படுத்தப்பட்டது.

நமக்கு என்ன?

வொல்வோ வாங்குங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஏலத்தையும் கொக்கோவையும் ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கும், கொழும்பு பழைய சோனகத் தெருவுக்கும் ஓடும் நமக்கு வேனும் சிறிய லொறியுமே பொருத்தம். ஆனால் ஐந்தாவது கேள்வியை நாமும் கேட்கலாம்.

2014இல் குளோபல் என்கெப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களின் எயார்பேக் இல்லாத அடிப்படை ரகங்களை மோதிப் பரிசோதித்தது. நமது நாட்டில் நன்கு பழக்கமான மாருதி அல்டோவும் அதில் ஒன்று. ஐந்துமே பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஆனால் 2018இல் இந்தியத் தயாரிப்பான டாட்டா நெக்சன் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆகவே பாதுகாப்பு பணக்காரருக்கு மட்டும் உரிய சரக்கு அல்ல. கேட்டு வாங்குபவர் இருந்தால் செய்து கொடுப்பவரும் வருவார்.

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்கள் தங்க விலைக்குப் போயின. வரிச்சுமையால் இன்றும் பலர் பழையதையே நாடுகிறார்கள். பழைய வாகனம் வாங்குபவர்கள் இவற்றைக் கவனிக்கவும்.

முதலாவது, சாவியைத் திருப்பும்போது எயார்பேக் விளக்கு எரிந்து பின்னர் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். இரண்டாவது, ஜப்பானிய டகாட்டா எயார்பேக்குகள் உலகெங்கும் சுமார் 10 கோடி அளவில் திருப்பி அழைக்கப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உள்ளிருக்கும் இரசாயனத்தைக் கெடுத்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் பறந்ததே காரணம். நமது நாட்டின் காலநிலையும் அதுதான். சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு கம்பனி முகவரிடம் விசாரியுங்கள். மூன்றாவது, பட்டியை முழுதாக இழுத்துப் பாருங்கள். பிய்ந்திருந்தால் மாற்றுங்கள். நான்காவது, டயர், பிரேக் ஒயில் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முன் ஆசனத்தில் பட்டி அணிவது இலங்கையில் 2011 முதல் கட்டாயம். ஆனால் பொலிஸ் நிற்கும் சந்தியில் இழுத்துப் பூட்டி, அடுத்த வளைவில் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடம் போகவில்லை. வருடந்தோறும் 2,000க்கும் அதிகமானோர் இந்நாட்டு வீதிகளில் இறக்கின்றனர். 2025இல் மட்டும் கொத்மலை கெரண்டி எல்ல பஸ் விபத்து 20க்கும் மேற்பட்ட உயிர்களையும், எல்ல பஸ் விபத்து 15 உயிர்களையும் கொண்டு போயின. இரண்டும் மலைப்பாதைகள்.

கடைக்குத் தீக்காப்புறுதி எடுக்கிறோம், சரக்குக்குப் பூட்டுப் போடுகிறோம். வேன் ஓட்டும் பையனின் பட்டி வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. அவன் வீட்டிலும் அவனை எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருக்கிறது. நாளைக் காலை சரக்கு ஏற்றுவதற்கு முன்னர், வேனின் முன் கதவைத் திறந்து அந்தப் பட்டியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லை.